சனிக்கிழமை மட்டும் போட்டால் போதாது

வேடசந்தூர் பக்கம் இருக்கும் எங்க பெரியம்மா மகள், அக்கா, ரெண்டாவது தடவை உண்டானபோது வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சு: "அந்த மாத்திரை சரியில்ல." மாமாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் காலையில் கிளம்பிடுவார். அக்கா மாத்திரை போட்டதும் அந்த ரெண்டு நாள் மட்டும்தான். தப்பு மாத்திரை மேல் இல்லை. அது எப்படி வேலை செய்யும்னு அவங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா கிடைக்கும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரை. 21-ல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டின் என்ற ரெண்டு ஹார்மோன் இருக்கும். நிறம் மாறி இருக்கும் மீதி 7, இரும்புச்சத்து மாத்திரை. அந்த ஹார்மோன் தினமும் உடம்பில் இருந்தால்தான் கருமுட்டை வெளிவராது. நடுவில் விட்டால் முட்டை வெளிவரலாம். அதனால் கணவர் ஊரில் இல்லாத நாளிலும் போடணும்.

சரியா போட்டால் வருஷத்துக்கு 100 பேரில் ஒருத்தருக்கும் குறைவாகத்தான் கர்ப்பம் ஆகும். நடைமுறையில் அது 7 பேர் வரை போகிறது. மறதிதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

ஆரம்பிப்பது எப்படி? மாதவிடாய் தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு. வேறு நாளில் என்றால் முதல் 7 நாள் ஆணுறையும் வேணும். இரவுச் சாப்பாடு மாதிரி தினமும் நடக்கும் ஒரு வேலையோட சேர்த்துக்கிட்டா மறக்காது.

மறந்துட்டா?

ஒன்று விட்டால்: ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்க. ஒரே நாளில் ரெண்டு ஆனாலும் பரவாயில்லை.

ரெண்டோ அதுக்கு மேலோ விட்டால்: உடனே ஒன்று போட்டுத் தொடருங்க. 7 நாள் ஆணுறை கட்டாயம். விட்டது மூன்றாவது வாரம் என்றால், ஹார்மோன் மாத்திரை முடிந்ததும் இரும்பு மாத்திரையைத் தவிர்த்துட்டு மறுநாளே புது அட்டை. முதல் வாரத்தில் விட்டு உறவும் நடந்திருந்தால் தாமதிக்காம டாக்டரைப் பாருங்க, அவசர மாத்திரை தேவைப்படலாம்.

போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடணும்.

இது எல்லாருக்கும் ஏற்ற மாத்திரை இல்லை. இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி, கண்ணில் மின்னல் தெரியும் ஒற்றைத் தலைவலி, மார்பகப் புற்றுநோய் இருப்பவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள் போடக் கூடாது. பால் கொடுக்கும் அம்மாக்கள் முதல் 6 மாதம் தவிர்க்கணும். டிபிக்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குச் சில மாத்திரைகள் எடுத்தால் இதன் வேலை குறையும். அதனால் ஆரம்பிக்கும் முன் பிபி பார்த்து, டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ எல்லாத்தையும் சொல்லிடுங்க. முதல் 3 மாதம் குமட்டல், லேசான இரத்தக்கசிவு வரலாம், பெரும்பாலும் தானா அடங்கிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்னு கடும் தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ நேரா ஆஸ்பத்திரி.

இன்னொரு குழப்பம். பழனிக்குப் போகும்போது பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கும் மாத்திரை வேற. அதை நம்பினால் கர்ப்பம் தடுக்காது. அதே மாதிரி, எந்தக் கருத்தடை மாத்திரையும் எச்ஐவியைத் தடுக்காது. அதுக்கு ஆணுறை வேணும்.

அக்காவுக்கு இப்போ சின்னவளுக்கு ஒரு வயசு. செவிலியரிடம் பேசி, பிபி பார்த்து, மறுபடி மாலா-என் ஆரம்பிச்சிருக்காங்க. ராத்திரி 9 மணிக்கு போன் அலாரம் அடிக்கும், திங்கள் முதல் ஞாயிறு வரை.