சாவி யாரிடம்? – வடசென்னையில் படிப்பதற்கான வெளி

'படிக்கிற பிள்ளை எங்க இருந்தாலும் படிக்கும்' என்றொரு பேச்சு நம்மிடம் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. இடம் என்பது ஒரு சொத்து என்பதை அது மறைத்துவிடுகிறது. அம்பேத்கர் பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் படித்தவர். வீடு உறங்கும் இரவு இரண்டு மணிக்குத் தந்தை அவரை எழுப்பிவிடுவார். அந்நேரம்தான் அறை அவருக்குக் கிடைத்தது. 1946இல் அவர் தொடங்கிய சித்தார்த் கல்லூரி முதலில் இயங்கியது ராணுவக் கொட்டகைகளில். சும்மா கிடக்கும் கூரையைப் படிப்புக்குத் திருப்புவது அரசியல் காரியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்த ஒற்றை அறை இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்கியாக வேண்டும். பிள்ளை எங்கே உட்காரும்? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு போய்ப் படிக்கத் தனிப்பகுதி உண்டு. அது நகரத்தின் மறுகோடி. 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் வகுப்பு முடிந்ததும் பூட்டப்படும் கல்லூரி அறைகள் பக்கத்திலேயே இருக்கின்றனவே!

அவற்றை எப்படித் திருப்புவது? எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினார். 'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்ற முதல் விதியின்கீழ் அவர் பேசுவது நான்கு விஷயங்கள்: இடம், நேரம், தளவாடம், ஆள். இவற்றை அறைக்கும் பொருத்தலாம்.

இடம்: வாசலுக்கு அருகே, தரைத்தளத்தில், பெண்களுக்கான கழிப்பறையை ஒட்டி. நேரம்: மாலையும் விடுமுறையும், வகுப்பு நேரத்தில் மட்டும் திறந்தால் பயனில்லை. தளவாடம்: வகுப்பறை பெஞ்சு எல்லா உடல்களையும் ஒரே பார்வைக்குக் கீழே அடுக்குகிறது; ஃபூக்கோ 1975இல் விளக்கிய ஒழுங்குபடுத்தல் இதுதான். பெஞ்சைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு விளக்கு, விசிறி, பிளக், குடிதண்ணீர்.

கடைசியாக ஆள். மாலையில் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஊழியருக்குக் கூடுதல் சம்பளம் ஒதுக்காத எந்தச் சீரமைப்பும் மறுபடி பூட்டில்தான் முடியும். புது நாற்காலிக்கு ரிப்பன் வெட்டப்படும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆறு மணிக்கு மேல் சாவி யாரிடம் இருக்கும், அவருக்கு யார் கூலி தருகிறார்கள்?