எலிசபெத் ஃப்ரை அம்மாவின் நாட்குறிப்பு



குழுக் கூட்டத்தில் பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வைக்கிறோம். நம்ம மனசில் இருப்பதை எங்கே எழுதுகிறோம்? இங்கிலாந்தில் ஒரு பெண் சுமார் 17 வயதில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்து, கடைசிக் காலம் வரை எழுதினார். அவர்தான் எலிசபெத் ஃப்ரை.

1780-ல் நார்விச் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் தாயை இழந்தார். அவர்கள் 'குவேக்கர்' என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அந்தப் பிரிவின் வழிபாட்டில் பெண்களும் எழுந்து பேசலாம். 1800-ல் திருமணம். பிள்ளைகள் 11 பேர்.

சிறைக்குள் போனார்

1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். சுமார் 300 பெண்கள் குழந்தைகளோடு அடைபட்டுக் கிடந்தார்கள். சமைப்பது, துவைப்பது, படுப்பது எல்லாம் ஒரே இடத்தில்! குழந்தைகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் உடனே திரும்பிப் போக முடியவில்லை. பிரசவம், பணக் கஷ்டம், 1815-ல் மகளின் சாவு என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1816 கடைசியில்தான் மறுபடியும் போனார்.

இந்த முறை, "உங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிக்கலாமா?" என்று தாய்மார்களையே கேட்டார். கைதிகளில் படித்த ஒரு பெண் ஆசிரியை ஆனார். 1817-ல் ஃப்ரை அம்மா வேறு சில பெண்களோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். கைதிகளுக்குத் தையல், பின்னல் வேலை கிடைத்தது. சிறை விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்கள். கைதிகள் கை தூக்கிச் சம்மதம் சொன்ன பிறகே விதி அமலுக்கு வந்தது. 12 பேருக்கு மேல் போகாமல் குழு பிரித்து, குழுவுக்கு ஒரு தலைவியும் வைத்தார்கள். நம்ம குழு ஞாபகம் வருகிறதல்லவா?

1818-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். பெண் கைதிகளைப் பெண் காவலர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1823-ல் சட்டம் வந்தது.

நோட்டில் என்ன இருந்தது?

ஊரே புகழ்ந்த நேரத்தில், 'இந்தப் புகழால் எனக்குக் கர்வம் வந்துவிடுமோ' என்று பயந்து எழுதினார். 'வீட்டையும் பிள்ளைகளையும் சரியாகக் கவனிக்கவில்லையோ' என்றும் கவலைப்பட்டார். 1828-ல் கணவரின் வங்கி திவாலானது. குவேக்கர் சபை கணவரை நீக்கிவிட்டது. ஊர் வாயில் விழுந்தார்கள். அப்போதும் அவர் எழுதுவதை விடவில்லை. சிறைக்குப் போவதையும் விடவில்லை.

1845-ல் காலமானார். நாட்குறிப்பின் பகுதிகளைக் கொண்டு மகள்கள் இருவர் 1847-ல் புத்தகம் வெளியிட்டார்கள். பயமும் சந்தேகமும் இருந்தவர்தான் இத்தனை பெரிய வேலையைச் செய்தார் என்பது அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

சகோதரிகளே, பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். ராத்திரி வேலை முடிந்ததும் நாலு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். அது உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் கணக்கு!