முன்னும் பின்னும் உதைக்கும் ஏர் கன்: ஸ்கோப் வாங்குகிறவர்கள் கவனிக்க!

துப்பாக்கி சுட்டால் எந்தப் பக்கம் உதைக்கும்?

"இது என்ன கேள்வி? பின்பக்கம்தான். தோளில் இடிக்குமே!" என்பீர்கள். மருந்துத் துப்பாக்கிக்கு அது சரி. ஸ்பிரிங் வைத்த ஏர் கன்னுக்கு அது பாதி உண்மைதான். அது பின்னால் ஒரு முறை உதைக்கும். கண் இமைப்பதற்குள் முன்னால் ஒரு முறை வெட்டி இழுக்கும்.

இந்த இரண்டாவது உதைதான் பலருடைய பணத்தைத் தின்கிறது.

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நிறைய. தோப்பு வீட்டில் ஏர் கன் வைத்திருப்பவர்கள் உண்டு. அட்டையில் வட்டம் போட்டு, குறி பார்த்துச் சுட்டுப் பழகுவார்கள். கொஞ்ச நாளில் ஓர் ஆசை வரும். "மேலே ஒரு ஸ்கோப் மாட்டினால் என்ன?"

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் குழல்தான் ஸ்கோப். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி மாட்டுவார்கள். முதல் நாள் குறி தப்பாது. ஒரு மாதம் போனால் குண்டு எங்கெங்கோ போகும். "உனக்குக் கை நடுங்குகிறது" என்று வீட்டில் கேலி செய்வார்கள். பாவம், கையில் குற்றமில்லை. ஸ்கோப்பின் உள்ளே ஏதோ கழன்றுவிட்டது!

உள்ளே என்ன நடக்கிறது?

குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்குகிறது. விசையை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் பாய்கிறபோது துப்பாக்கி பின்னால் போகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் போகிறதல்லவா? அதே கதைதான்.

பிஸ்டன் காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று ஈயக் குண்டை வெளியே தள்ளுகிறது. பிஸ்டனையும் தடுத்து நிறுத்துகிறது. ஓடி வந்த பிஸ்டன் சட்டென்று நிற்கும்போது துப்பாக்கி முழுவதும் முன்னால் இழுபடுகிறது. ஸ்கோப் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்கிறார்களே, அப்படி.

மருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த பல ஸ்கோப்புகளில், கண்ணாடிகள் பின் உதையைத் தாங்கும்படிதான் பொருத்தப்பட்டிருக்கும். முன் உதை அவற்றுக்குப் புதிது. கண்ணாடி அசையும். குறுக்குக் கம்பி சாயும். "பெரிய ரைபிளையே தாங்கும் ஸ்கோப்பை இந்தச் சின்ன ஏர் கன் என்ன செய்துவிடும்?" என்பது தப்புக் கணக்கு.

ஆகவே விலையை அப்புறம் கேளுங்கள். "அண்ணாச்சி, இது ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கென்று செய்ததா?" என்று முதலில் கேளுங்கள். உத்தரவாதச் சீட்டில் அப்படி எழுதியிருக்க வேண்டும். வெறும் 'ஷாக் புரூஃப்' என்ற எழுத்தை நம்ப வேண்டாம். எந்தப் பக்கத்து ஷாக் என்று அதில் இராது.

பெரிதாகக் காட்டுவதுதான் உசத்தி என்பதும் இல்லை. கனம் கூடக் கூட, பிடியின் மேல் விழும் இழுப்பும் கூடும். தோப்பில் 20, 25 மீட்டர் தூரம் சுடுவதற்கு 4 மடங்கு பெரிதாக்கும் சிறிய ஸ்கோப் போதும். அது 10 கஜ தூரத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டும். பெரிய ரைபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரி செய்யப்பட்டவை. கிட்டத்தில் மங்கலாகத் தெரியும்.

மவுண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிக்கு மவுண்ட் என்று பெயர். ஸ்கோப்புக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் இதற்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள். தங்கப் பதக்கத்தை நைந்த நூலில் கோத்த கதைதான்!

தனித்தனி வளையம் இரண்டைவிட, ஒரே துண்டாக உள்ள நீள மவுண்ட் நல்லது. பிடிக்கும் இடம் அதிகம். அதன் அடியில் ஒரு சிறு ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கியின் மேலே உள்ள குழியில் அந்த ஊசி இறங்கிவிட்டால் மவுண்ட் பின்னால் நகராது. பெரும்பாலான ஏர் கன்களில் மேல் தண்டவாளத்தின் அகலம் 11 மி.மீ. இருக்கும். அகலமான தண்டவாளமும் உண்டு. அளந்து பார்த்து வாங்குங்கள்.

குழல் மடங்கும் துப்பாக்கிகள் சிலவற்றில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். குண்டு தாழப் போகும். அதற்காக ஸ்கோப்பின் மேல் திருகைக் கடைசி வரை திருப்பாதீர்கள். உள்குழலைப் பிடித்திருக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்து, ஒவ்வோர் உதைக்கும் ஆடும். பின்பக்கம் சற்று உயர்ந்த மவுண்ட் இதற்கென்றே விற்கிறது.

இந்த உதையைச் சமாளிக்க ஜெர்மனிக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். 1890-இல் தொடங்கிய டயானா கம்பெனி, எதிரெதிராக ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்தே துப்பாக்கி செய்தது. ஓர் உதை மற்றோர் உதையை விழுங்கிவிடும்! பிற்காலத்தில் அதே கம்பெனி, தானே ஸ்பிரிங்கில் நகர்ந்து கொடுக்கும் மவுண்டும் செய்தது.

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கையில் இருப்பதும் ஏர் ரைபிள்தான். ஆனால் அவை முன்பே அடைத்து வைத்த காற்றில் சுடுபவை. உதை மிகக் குறைவு. அந்தப் போட்டியில் ஸ்கோப் வைக்கவும் கூடாது!

எங்கே சுடலாம்?

குழல் விட்டம் 4.5 மி.மீ., சக்தி 20 ஜூல், இவற்றைத் தாண்டாத ஏர் கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம் என்றால் வேட்டையாடலாம் என்று பொருளல்ல. பிளவக்கல்லுக்கு மேலே இருப்பது சும்மா மலையல்ல. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமான காடு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மயிலைச் சுட்டால் சிறைதான். காட்டுப்பன்றி தோப்பை உழுதுவிட்டதா? வனத்துறையிடம் மனுக் கொடுங்கள். ஏர் கன் குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி வெறியேற்றிவிடும்.

அட்டையைச் சுடுங்கள். அட்டைக்குப் பின்னால் மண் மூட்டைகளை அடுக்குங்கள். கல்லில் பட்ட குண்டு திரும்பி வந்து கண்ணைக் கெடுக்கும். பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். குண்டு போடாமல் விசையை இழுக்கிற விளையாட்டும் வேண்டாம். நெருக்கும் காற்று நழுவி ஓடிவிடுவதால் பிஸ்டன் இரும்பிலேயே மோதும். துப்பாக்கியும் கெடும், ஸ்கோப்பும் கெடும்.

மவுண்ட் மாட்டுமுன் தண்டவாளத்தில் உள்ள எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். திருகுகளைக் கார் சக்கரத்தின் நட்டுகளைப் போல மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரேயடியாக முடுக்கினால் ஸ்கோப் குழல் நசுங்கும். பிறகு மவுண்டின் பின் விளிம்பை ஒட்டித் தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 30 குண்டு சுட்டபின் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் மவுண்ட் நகர்ந்திருக்கிறது. ஊசியைக் குழியில் சரியாக இறக்கி மறுபடி பூட்டுங்கள். கோடு அப்படியே இருந்தும் குண்டு சிதறினால், கட்டையின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியை வைத்துப் பத்துக் குண்டு சுடுங்கள். அவை ஓரிடத்தில் விழுந்தால், உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட வேண்டியதுதான்.