ஒரே கடல், இருவகைப் படங்கள்

“இப்படம் நல்லதா, தீயதா?” எனப் பெற்றோர் வினவுகின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இது எவ்வகைப் படம்?

புராணக் கதைகளோடு தொடங்கிய தமிழ்த் திரை, 1935-இல் ‘மேனகா’ வாயிலாகச் சமூகப் படத்திற்கு வழி திறந்தது. பின்னர் வகைகள் பெருகின. ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத மர்மப் படம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) சரித்திரப் படம். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) நகைச்சுவைப் படம். சமூகப் படத்திலும் குடும்பப் படம், சீர்திருத்தப் படம் என உட்பிரிவுகள் உண்டு.

ஜெகதாப்பட்டினம் போன்ற மீனவ ஊர்களில் வாழ்வோருக்கு இவ்வேறுபாட்டை இரு படங்கள் எளிதில் விளக்கும். எம்.ஜி.ஆர். நடித்த ‘படகோட்டி’ (1964) வீரநாயகப் படம். மீனவரிடையே பகை மூட்டி ஆதாயம் தேடுவோனை நாயகன் வெல்கிறான். தகழியின் நாவலிலிருந்து பிறந்த மலையாளப் படமான ‘செம்மீன்’ (1965) துன்பியல். மனைவியின் கற்பே கடலில் கணவனைக் காக்கும் என்னும் பழைய நம்பிக்கையே அதன் அச்சாணி.

வகையறியாது பார்ப்பதில் இடர் உண்டு. ஒருவனே ஊர்த் துயரைத் தீர்ப்பான் என முன்னதைப் பார்க்கும் சிறுவன் நம்பலாம். ஒற்றுமையும் உழைப்பும் அவனுக்கு வீணாகத் தோன்றும். பின்னதன் நம்பிக்கையை உண்மையென்று கொண்டாலோ, கடலில் கணவனை இழந்த கைம்பெண்மீது பழி விழும். புயலுக்கு அவள் பொறுப்பாவாளா?

ஆதலின், படம் முடிந்ததும் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். அதன் வகை யாது, அது காட்டியது எது, காட்டாது விட்டது எது என்று கேளுங்கள். அவ்வுரையாடலே சிறந்த தணிக்கை.