வயலெலியின் குடலில் வாழும் தட்டைப்புழுக்கள்

வயல் வரம்பில் அடிபட்ட எலியின் குடலைப் பிளந்து நீரில் அலசினால், குறுநொய் போன்ற சிறு புழுக்கள் சில வேளைகளில் வெளிப்படும். இவற்றுள் ஒருவகை, வாயைச் சுற்றி முள்வரிசையுடைய தட்டைப்புழுவாகும். (எலிக்காய்ச்சல் பரவக்கூடுமாதலால் எலியை வெறுங்கையால் தொடலாகாது.)

1907 ஆம் ஆண்டில் மணிலாச் சிறைச்சாலையொன்றில் இருந்தோரிடம் இத்தகைய புழுவொன்றைக் காரிசன் என்னும் ஆய்வாளர் கண்டார். இலோக்கானோ மக்களின் பெயரால் அது 'இலோக்கானம்' என வழங்கலாயிற்று. பின்னர் எலிகளிடத்தும் அது காணப்பட்டது. மனிதனிடத்துள்ள புழுவும் எலியிடத்துள்ள புழுவும் வெவ்வேறு இனமாயின் நோயாளருக்கு மருந்தளித்தலே போதும். ஒன்றேயாயின், ஒவ்வோர் எலியும் வயல்நீரில் முட்டையிடும் நோய்க்களஞ்சியமன்றோ?

இதனை உடலளவால் தீர்மானிக்க முடியாது. ஒரே எலியின் குடலில் புழுக்கள் மிகுந்தால் அவை சிறுத்துவிடும். சிலவே இருந்தால் பருத்து வளரும். விருந்துவழங்கி மாறினும் அளவு மாறும். பதப்படுத்தும்போது சுருங்கினால் அகலமும் நீளமும் பொய்க்கும். அளவை மட்டும் நம்பிப் புதுப் பெயரிட்டமையாலும் இக்குடும்பத்தில் பெயர்கள் பெருகின.

முள்ளின் எண்ணிக்கை அவ்வளவு மாறுவதில்லை. இலோக்கானத்துக்கு 49 முதல் 51 வரை முட்கள் உண்டு. ஆயினும் எலி இறந்து நெடுநேரமானால் முட்கள் உதிர்ந்துவிடும். அப்போது எண்ணுபவர் ஏமாறுவர். முள்ளெண்ணிக்கையும் எப்போதும் போதாது. 37 முட்களையுடைய கூட்டத்தில் பல இனங்கள் உள. வட அமெரிக்காவின் கஸ்தூரியெலியிலுள்ள புழு, ஐரோப்பியப் பறவைகளின் புழுவே என நெடுங்காலம் கருதப்பட்டுப் பின்னரே வேறு இனமெனப் பிரிக்கப்பட்டது. இன்று மரபணு ஆய்வும் துணைசெய்கின்றது.

முட்டை நீரிற் பொரிந்து, குடம்பி சிறு நத்தையொன்றினுட் புகும். அங்கு பெருகி வெளிவருபவை வேறொரு நத்தையில் உறைகட்டித் தங்கும். இலோக்கானத்துக்கு அவ்விரண்டாம் நத்தை, வயல்களிலுள்ள பெரிய ஆப்பிள் நத்தையாகும். பிலிப்பைன்சில் அதனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டவரே நோயுற்றனர். எலியும் அந்நத்தையைத் தின்றே புழுவைப் பெறுகின்றது.

ஆகவே, நத்தையை உண்ணும் வழக்கமுள்ளோர் அதனை நன்கு கொதிக்கவைத்தே உண்ணவேண்டும். கொன்ற எலியை வாய்க்காலில் எறியாது, மேட்டுநிலத்தில் ஆழப் புதைப்பது நன்று.