காரின் மூளை: மாற்றும் முன் சற்று நிதானம்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நடுத்தரக் குடும்பங்கள் சிலவற்றின் வாசலில் பழைய மாருதி 800 இன்றும் நிற்கக் காணலாம். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அக்காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அதையே நம்பியிருக்கும் இல்லத்தில், "கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், அம்மாதத்து வரவு செலவே தடுமாறிவிடும். அச்சொல்லின் பொருளை அறிந்திருப்பது நம் பணத்தைக் காக்கும்.

தொடக்ககால மாருதியில் கம்ப்யூட்டர் கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரே கலந்து தந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, 2000ஆம் ஆண்டையொட்டி எம்.பி.எஃப்.ஐ. என்னும் முறை அதில் புகுந்தது. உலக அளவில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பெட்ரோலைப் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்திருந்தது.

எஞ்சினின் வெப்பம், சுழற்சி, உட்புகும் காற்றின் அளவு ஆகியவற்றை சென்சார்கள் அறிவிக்கின்றன. அவற்றைக் கணக்கிட்டு, எத்தனை மில்லி செகண்டு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஆணையிடுவதே இ.சி.யூ. எனப்படும் அச்சிறு பெட்டியின் பணி.

அது எங்கே இருக்கிறது? பல கார்களில் டேஷ்போர்டின் அடியில் அல்லது சாமான் வைக்கும் சிறு அறைக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் இருக்கைக்கு அடியில், வேறு சிலவற்றில் பேட்டரிக்கு அருகில் இருக்கும். எஞ்சினிலிருந்து வரும் தடித்த வயர்க்கட்டைத் தொடர்ந்து சென்றால் அகலமான சாக்கெட் பொருந்திய உலோகப் பெட்டியைக் காணலாம்.

இரு ஆறுகளுக்கு இடையே அமைந்த ஸ்ரீரங்கத்திலும், மழைநீர் தேங்கும் திருச்சித் தெருக்களிலும் காரினுள் தண்ணீர் புகுவதுண்டு. தரைவிரிப்பின் ஈரம் மேலேறினால் சாக்கெட்டின் பின்களில் பச்சை நிறக் களிம்பு படியும். ஆகவே மழைக்குப்பின் விரிப்பைத் தூக்கி உலர்த்துங்கள்.

இ.சி.யூ. மீது பழி சுமத்துமுன் பேட்டரி, பியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் ஆகிய நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் எச்சரிக்கை விளக்குள்ள கார்களில், சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எரியாவிட்டாலும், ஸ்கேனர் தொடர்பு கொள்ளாவிட்டாலும், முதலில் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்றே பார்க்க வேண்டும். பல நேரங்களில் குறை அங்கேதான் இருக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிய பின்னரே வேலை தொடங்க வேண்டும். பழைய பெட்டியின் மீதுள்ள எண்ணும் புதியதின் எண்ணும் ஒன்றாயிருத்தல் அவசியம். திருட்டைத் தடுக்கும் சிப் சாவியுள்ள கார்களில், சாவியையும் பெட்டியையும் ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தாவிட்டால் எஞ்சின் இயங்காது. அதற்கான கருவி அந்த ஒர்க்‌ஷாப்பில் உண்டா என்று முன்பே கேளுங்கள். பழைய பெட்டியையே பழுது நீக்க இயலுமா என்பதையும் விசாரியுங்கள்.

பழைய சாமான் கடையில் வாங்குவோர் பில் கேட்டுப் பெறட்டும். விற்பவர் குறையை மறைக்காமல் சொல்லட்டும். கழற்றிய பழைய பெட்டி உரிமையாளரின் அமானிதம். அதை அவரிடமே ஒப்படைப்பது மெக்கானிக்கின் கடமை. கேட்டு வாங்குவது நம் உரிமை.