பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்துக் கடை

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கப் போனால் கூடவே நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். நான் மருத்துவமனையில் டயட்டீஷியன் என்பது தெருவுக்கே தெரியும். இங்கே ஃபீஸ் கிடையாது என்பதும் தெரியும். "மேடம், நான்ஸ்டிக்ல தோசை ஊத்தலாமா?" "பிராய்லர் சாப்பிட்டா கேன்சர் வருமாமே?" 2024 பிப்ரவரியில், ரோடமைன்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாயை அரசு தடை செய்தபோது வாக்கிங் முழுக்க அதே பேச்சு.

தடை சரியானதுதான். ஆனால் மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பஜ்ஜி எண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள், பக்கத்துப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்குப் பொட்டலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. பஜ்ஜிக்கு நான் வக்கீல் இல்லை. கறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைப்பது கெடுதல்தான். என்றாலும் எதற்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் புகையிலையும் பாக்கும் முன்னால் நிற்கின்றன, பஜ்ஜி எங்கேயோ பின்னால்.

"குட்கா இல்லீங்க, வெறும் பாக்குதான்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-லேயே இதை அலசி, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. பாக்கிலுள்ள ரசாயனம் கன்னத்தின் உள்தோலை மெல்ல மெல்ல இறுக்கிவிடும். முதலில் வாய் எரியும்; ரசத்தின் காரம்கூடத் தாங்காது. பிறகு வாய் திறப்பது குறையும். பாக்குப் போடும் பழக்கம் உள்ளவர்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி வாய்க்குள் நுழைத்துப் பார்க்கலாம். நுழையவில்லை என்றால் பல் டாக்டரிடம் போக வேண்டியதுதான், நாள் கடத்தக் கூடாது.

மதுவும் அதே அமைப்பின் முதல் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று தெரிந்தவற்றின் பட்டியலில், 1988-லிருந்து இருக்கிறது. வாய், உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். 'அளவோடு' என்பதற்கு இந்த விஷயத்தில் அர்த்தமில்லை. விலை உயர்ந்த சரக்குக்கும் இதே கதைதான்.

இந்தப் பட்டியலைப் பற்றி ஒரு விளக்கம். பதப்படுத்திய இறைச்சியை, அதாவது சாசேஜ், சலாமி வகையறாவை, 2015-ல் புகையிலை இருக்கும் பட்டியலிலேயே சேர்த்தார்கள். உடனே 'சாசேஜும் சிகரெட்டும் ஒன்று' என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பட்டியல் சொல்வது, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றால், நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்பதல்ல. இருக்கிற வாய்ப்பு 100 என்றால் 118 ஆகும், அவ்வளவுதான்.

நம் ஊரில் நான் அதிகம் கவலைப்படுவது எடையைப் பற்றி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், அடுத்த கணக்கெடுப்பில் 40.4. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகப் புற்றுநோயிலும் கருப்பைப் புற்றுநோயிலும் அதற்குப் பங்கு உண்டு. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் (டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கியது) 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கை எழுதி வருகிறது. அன்று பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது வைரஸால் வருவது, சாப்பாட்டால் அல்ல. பிறகு அது இறங்கி, மார்பகப் புற்றுநோய் மேலே வந்துவிட்டது. எடை மட்டும் காரணமில்லை. முதல் குழந்தை தள்ளிப்போவது, பிள்ளைகள் குறைந்தது, தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்கியது எல்லாம் சேரும். இவற்றில் நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி மாற்றிக்கொள்ளக்கூடியது எடை ஒன்றுதான்.

அதற்குச் சாப்பாட்டுத் தட்டில் பெரிய புரட்சி வேண்டாம். ராத்திரி நாலு இட்லியோடு ஒரு கிண்ணம் சுண்டல் வந்தால் இட்லி தானாக இரண்டாகும். கீரை, அவரை, முழுப்பயறு இவற்றின் நார்ச்சத்து பெருங்குடலுக்கும் நல்லது. கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றிலும் உப்பு, தினம் வேண்டாம். உப்பு இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும், அங்கே ஹெலிகோபாக்டர் கிருமியும் இருந்தால் சேதம் அதிகம். உலகம் முழுக்க இரைப்பைப் புற்றுநோய் குறைந்ததற்கு வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். உப்பில் ஊறாத உணவு ஆண்டு முழுக்கக் கிடைக்க ஆரம்பித்ததே!

இதெல்லாம் நோய் வருவதற்கு முன்னால். வந்த பிறகு கணக்கே வேறு, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். 'சர்க்கரை கேன்சர் செல்லுக்குத் தீனி' என்று கேள்விப்பட்டு, கீமோ நடக்கிறவருக்குச் சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். குளுக்கோஸ் எல்லா செல்லுக்கும்தான் தீனி. சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்தாவது அதைச் செய்துகொள்ளும். எடை சரிந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரலாம். அவருக்கு வேண்டியது முட்டை, தயிர், பருப்பு, மீன். ஒரே வேளையில் இறங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவு. முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடித்தால், முதலில் கீமோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; சில மூலிகைகள் மருந்தின் வேலையில் குறுக்கிடும்.